பழைய காருக்கு எஞ்சின் மாற்றுமுன்: பலர் தடுக்கி விழும் இடங்கள்

எஞ்சின் போய்விட்டால் நம்மவர்கள் முதலில் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ தெரிந்த வொர்க்‌ஷாப்புக்குப் போன் போடுவார்கள். விலை படிந்ததும் காரை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அனுமதி பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வரும். சிங்கப்பூரில் இந்த வரிசையே தவறு. எஞ்சின் மாற்றம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவைப்படும் வேலை. ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

“அதே மாடல், அதே சிசி, இதுக்கெல்லாமா அனுமதி?” என்று கேட்பவர்கள் நிறைய. ஆணையத்தின் பதிவில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கிறது. எஞ்சின் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தாலும் எண் வேறுதானே! பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் உலோக உடலில்) இருப்பது ஓர் எண், பதிவில் இருப்பது இன்னோர் எண் என்று தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

“பேப்பர் வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் அண்ணே” என்ற வாய்வார்த்தையை நம்பி இருந்துவிடாதீர்கள். சட்டவிரோத மாற்றத்துக்கு வொர்க்‌ஷாப்பும் மாட்டும், உரிமையாளரும் மாட்டுவார். அபராதம், சிறை இரண்டுக்குமே சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பத்தை அவர்களே போடட்டும். ஒப்புதலை மட்டும் உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.

பெரிய சிக்கல் ஹாஃப்-கட் எஞ்சினில்தான். ஜப்பானில் கழித்த காரின் முன்பாதியை அறுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங்கோடு மொத்தமாக விற்பார்கள். விலை மலிவு என்பதால் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் வாங்கி அங்கேயே பொருத்திவிட்டு வரலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேலை எங்கே நடந்தாலும் வண்டி சிங்கப்பூர்ப் பதிவு, விதியும் சிங்கப்பூர் விதிதான். பிளாக்கில் பொறித்த எண் கிரீஸுக்கும் துருவுக்கும் அடியில் மறைந்து கிடக்கும். துணியும் டீக்ரீஸரும் போட்டுத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி படம் எடுங்கள். எஞ்சினைக் காருக்குள் பொருத்திய பிறகு பல கார்களில் அந்த இடத்துக்குக் கையே போகாது. ரசீதிலும் அதே எண்ணை எழுதி வாங்குங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, எழுத்து கோணல்மாணலாக இருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆட்டோ கியர் போய் மேனுவல் வருவதும், எக்ஸாஸ்ட் மாறுவதும் தனித்தனி மாற்றங்கள். எஞ்சினுக்குக் கிடைத்த ஒப்புதல் அவற்றுக்குச் செல்லாது.

கொஞ்சம் பெரிய எஞ்சினாகப் போடலாம் என்ற ஆசை வந்தால் சாலை வரியைக் கணக்குப் போடுங்கள். பெட்ரோல் காருக்கு வரி சிசியைப் பொறுத்தது. 1,598 சிசிக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளி. 1,998 சிசிக்கு ஏறக்குறைய 1,210 வெள்ளி. பத்து வயதுக்கு மேல் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காடு வரை போகும். சிஓஇ, அதாவது காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், எவ்வளவு காலம் மிச்சம் என்றும் பாருங்கள். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது. ஒன்றரை ஆண்டில் பதிவு ரத்தாகப் போகிற காருக்குப் புது எஞ்சின் போடுவது வீண் செலவு என்பேன்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீடு கேட்கும் நேரத்தில் வம்பாகும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒன்று. முன்னவர் சத்தமில்லாமல் எஞ்சின் மாற்றியிருந்தால் பெயர் மாறியதும் அந்தத் தலைவலி உங்களுடையது. முன்பணம் கொடுக்குமுன் பானெட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, எஞ்சின் எண்ணைப் பதிவு விவரத்தோடு ஒப்பிடுங்கள். எண் பொருந்தவில்லையா? ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். “அப்புறம் தர்றேன்” என்று இழுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.