தீட்டித் தேர்வுசெய்யும் திரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 24 மணி நேரம். எந்தெந்த நேரத்தில் அறிவிப்பு வரலாம் என்று கேட்கும் ஒரு திரையில் 168 கட்டங்கள் வந்துவிடும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யச் சொன்னால் பாதியிலேயே அலுத்துவிடும். மவுஸை அழுத்தியபடி இழுத்து, தூரிகையால் தீட்டுவதுபோல நிரப்ப விட்டால் சில நொடி வேலை. ஃபோட்டோஷாப்பில் லேயர்களின் (படத்தின் அடுக்குகளின்) கண் குறிகள் மேல் இழுத்து ஒரே வீச்சில் மறைக்கிறோமே, அந்த வசதிதான். ஆனால் அரைகுறையாகச் செய்துவைத்தால் கிளிக்கே தேவலாம் என்றாகிவிடும்.

அடிக்கடி கண்ணில் படுகிற தவறு, தொட்ட கட்டத்தையெல்லாம் தலைகீழாக மாற்றுவது. செவ்வாய்க்கிழமை 9, 10, 12 மணிக் கட்டங்கள் ஏற்கெனவே ஆனில் இருக்கின்றன என்று வையுங்கள். ஒருவர் 8 முதல் 12 வரை மொத்தமும் ஆனாகட்டும் என்று இழுக்கிறார். 8-ம் 11-ம் ஆனாகின்றன. 9, 10, 12 அணைந்துபோகின்றன. கை சற்றுப் பின்வாங்கினால் கடந்து வந்த கட்டங்கள் மறுபடி மாறும். அவர் எடுத்தது ஒரே முடிவு, நிரல் அதை ஐந்து கிளிக்குகளாக எண்ணிவிட்டது.

தூரிகையின் நிறத்தை முதல் கட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். அது ஆஃபில் இருந்தால், விரலை எடுக்கும்வரை தொடுவதெல்லாம் ஆனாகும். ஆனில் இருந்தால் எல்லாம் ஆஃபாகும். 1984-ல் வந்த மேக்பெயின்ட் என்ற ஓவிய நிரலின் பென்சிலே இப்படித்தான் இயங்கியது: வெள்ளைப் புள்ளியில் தொடங்கினால் கறுப்பாக வரையும், கறுப்பில் தொடங்கினால் வெள்ளையாக. ஆம், இல்லை, முடிந்தால் என்று மூன்று நிலைகள் இருந்தால் மட்டும் இந்த விதி போதாது. அப்போது நிறத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க ஒரு பட்டை வையுங்கள்.

அடுத்து, வேகமான கை. மவுஸ் நகர்வை பிரவுசர் இடைவெளி விட்டுவிட்டுத்தான் சொல்லும். சட்டென்று இழுத்தால் நடுவே சில கட்டங்கள் வெற்றாக நிற்கும். முந்தைய புள்ளிக்கும் இப்போதைய புள்ளிக்கும் இடையே ஒரு கோடு போட்டு, அதில் படுகிற கட்டங்களையெல்லாம் நிரப்புங்கள்.

மவுஸில் அழகாக ஓடும், போனில் ஒரே ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். இதில் பலரும் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். விரல் பட்டதுமே பிரவுசர் அந்தத் தொடுகையை முதல் கட்டத்தோடு கட்டிப்போட்டுவிடுகிறது என்பதே காரணம். பாயின்டர் கேப்சர் என்பது இதுதான். விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தாலும் அந்தக் கட்டத்துக்குச் சேதி போகாது. ஆகவே 'என்மேல் நுழைந்தார்களா' என்று கட்டங்கள் காத்திருக்கக் கூடாது. விரல் இருக்கும் ஆயத்தொலைவை வைத்துக் கட்டத்தை நீங்களே கணக்கிடுங்கள். கேப்சரை மவுஸுக்கும் போட்டுவிட்டால், ஜன்னலுக்கு வெளியே பொத்தானை விட்டபிறகும் தூரிகை ஒட்டிக்கொண்டே திரிகிற தொல்லையும் தீரும்.

போனில் இன்னொரு சண்டை, ஸ்க்ரோலோடு. கட்டங்கள் மேல் ஸ்க்ரோலை நிறுத்தாவிட்டால் தீட்டல் நடுவில் அறுந்துபோகும். நிறுத்திவிட்டு, கட்டங்களாலேயே திரையை நிறைத்தால் ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஓரத்தில் விரல் வைக்க இடம் விடுங்கள்.

அன்டூ அழுத்தினால் கடைசி இழுப்பு முழுதும் போக வேண்டும், கட்டம் கட்டமாக அல்ல. சர்வரில் சேமிப்பதும் இழுப்பு முடிந்தபிறகு ஒரே தடவை. நடுவில் எஸ்கேப் அழுத்தினால் பழைய நிலை திரும்ப வேண்டும்.

அப்புறம், இழுக்கவே முடியாதவர்கள். மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் (WCAG), 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்யும் வழியும் வேண்டும் என்கிறது. கீபோர்டில் ஓடும் வழியும் கட்டாயம். நான் முதலில் வைப்பது தலைப்புக் கிளிக்: 'செவ்வாய்' என்பதைத் தொட்டால் அந்த நாள் முழுக்க நிறைய வேண்டும். கட்டங்கள் கலந்து கிடந்தால் முதல் தொடுகையில் எல்லாம் ஆன், அடுத்ததில் எல்லாம் ஆஃப்.