வெசனத்தோட உக்காந்து ஜெபிக்கறவங்களுக்கு, 29ம் சங்கீதத்த வெச்சு ஒரு வழி

"ஜெபம் பண்ண உக்காந்தா மனசு நிக்க மாட்டீங்குதுக்கா, கண்ண மூடுனா சீட்டுப் பணம்தான் முன்னாடி வந்து நிக்குது"னு கூட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு போன வாரம் எங்கிட்ட சொல்லுச்சு. டீ டைம்ல பாதி சொன்னேன், அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க. மீதிய இங்க எழுதறேன், அதே கஷ்டம் இருக்கறவங்க யாராச்சும் படிச்சா உதவும்ல.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறனுங்க. பல்லடம் ரோட்டுப் பக்கம் லைன் வீடு, காலைல 8 மணிக்கு டேபிள்ல நிக்கணும், ஒண்ணரை ஷிப்ட் ஓடுனா வீட்டுக்கு வர்றப்ப ராத்திரி ஆயிரும். மணிக்கணக்கா முழங்கால்ல நின்னு ஜெபிக்கறவங்களுக்கு இத எழுதல, அரை மணி நேரம் கிடைச்சாலே பெரிசுன்னு இருக்கறவங்களுக்குத்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் லேசு. நாம தலைகீழா ஜெபிக்கறோம். உக்காந்ததும் சமாதானம் குடுங்க சமாதானம் குடுங்கன்னு ஆரம்பிக்கறோம், அது வரல, வரலன்னு இன்னும் வெசனப்படறோம், எந்திரிக்கறப்ப உக்காந்தப்ப இருந்தத விட மோசமா இருக்கு. சமாதானம் கடைசில வர்றது, அதுக்கு முன்னாடி மூணு வேலை இருக்கு. யாரு ராஜான்னு பாக்கணும், அவரு உண்டாக்குனத பாக்கணும், அப்புறம் நம்ம சுமைய எறக்கணும். இத நானா கண்டுபிடிக்கல, பைபிள்ல இருக்கற 29ம் சங்கீதம் கிட்டத்தட்ட இந்த வழிலதான் போகுது. 11 வசனம்தான் மொத்தமே. மகிமைய செலுத்துங்கன்னு ஆரம்பிக்குது, சமாதானத்துல கொண்டுபோயி விடுது, எபிரெய மொழில அந்த சங்கீதத்தோட கடைசி வார்த்தையே ஷாலோம்தான். ஷாலோம்னா சண்டை இல்லாம இருக்கறது மட்டுமில்ல, ஒண்ணும் குறையில்லாம முழுசா இருக்கறதும் அதுல அடக்கம்.

நேரம்னு பாத்தா எனக்கு வெடியால அஞ்சு மணி. தண்ணி வர்ற நாள்னா கொடமெல்லாம் நெறைச்சு வெச்சுட்டுத்தான் உக்காருவேன், இல்லீன்னா காது கொழாய்லயேதான் இருக்கும். எடம் மொட்ட மாடி, இல்லீன்னா வாசப்படி. வானம் கொஞ்சமாவது தெரியற எடமா பாருங்க, அதுக்குக் காரணம் பின்னாடி சொல்றேன். போன உள்ளயே வெச்சிருங்க, பைபிள் ஆப்ல படிக்கலாம்னு தோணும், வேண்டாங்க, புத்தகமா இருக்கற பைபிளே எடுங்க. ஆர்.சி. காரங்க, அதான் ரோமன் கத்தோலிக்கருங்க, பைபிள்ல இது திருப்பாடல் 29னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்.

உக்காந்ததும் எதையும் கேக்காதீங்க. சங்கீதத்த வாய் விட்டுப் படிங்க, மெதுவா. "கர்த்தருடைய சத்தம்"னு வர்ற எடத்துல எல்லாம் ஒரு விரல மடக்குங்க, மொத்தம் ஏழு தடவை வரும். விரல மடக்கறது சின்னப்புள்ளத்தனமா தோணலாம், ஆனா கைக்கு ஒரு வேலை குடுத்தா மனசு கொஞ்சம் நிக்கும். பாட வரும்னா பாட்டாவே பாடுங்க. நம்ம ஈரோட்டுல லண்டன் மிஷன் ஊழியரா இருந்த எச்.ஏ. பாப்ளி, வெள்ளக்காரர், நம்ம ராகம் தாளமெல்லாம் கத்துக்கிட்டு காலட்சேபம் மாதிரி சுவிசேஷத்தைப் பாட்டாவே சொன்னவரு, 1921ல இந்திய இசையப் பத்தி புத்தகமே போட்டாரு. பாடுனா மனசுல நிக்கும்னு தெரிஞ்ச மனுஷன்.

இந்த சங்கீதம் முழுக்க ஒரு புயல்தாங்க. தண்ணி மேல இடி முழங்குது, அங்கிருந்து லீபனோனுக்குப் போயி கேதுரு மரத்த முறிக்குது, மலையே கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது, அப்புறம் காதேஸ் வனாந்தரம் வரைக்கும் போயி அதிர வைக்குது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப நல்லாவே புரியும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து வருதில்ல, அந்தக்கட்டம் அரபிக்கடல்ல கெளம்பி மலை இடுக்குல நொழைஞ்சு பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு அடிச்சுக்கிட்டு வரும், காத்தாலை எல்லாம் சுத்தும், தென்னை மரம் வளைஞ்சு நிமிரும், கொடில போட்ட துணி பக்கத்துத் தெருவுல கெடக்கும். அந்தக் காத்துச் சத்தத்த மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. காத்து சாமி இல்ல, இடியும் சாமி இல்ல, அதெல்லாம் யாரு சொன்னா கேக்குதோ அவருகிட்ட பேசறதுக்குத்தான் நாம உக்காந்திருக்கோம்.

பத்தாவது வசனம் வந்ததும் நிறுத்திருங்க. "கர்த்தர் ஜலப்பிரவாகத்தின்மேல் வீற்றிருக்கிறார், கர்த்தர் என்றென்றைக்கும் ராஜாவாக வீற்றிருக்கிறார்." ஜலப்பிரவாகம்னு இருக்கற எடத்துல வர்ற எபிரெயச் சொல்லு நோவா காலத்து வெள்ளத்துக்கு ஆதியாகமத்துல வருது, அத விட்டா பைபிள்ல இந்த ஒரு எடத்துலதான். அப்ப இது சாதாரண மழைத் தண்ணி இல்ல, உலகத்தையே மூழ்கடிச்ச வெள்ளம், அதுக்கு மேல அவரு உக்காந்திருக்காரு.

எனக்கு இதுல புடிச்சது "வீற்றிருக்கிறார்"ங்கற வார்த்தைதான். ஷிப்மென்ட் நாள்ல எங்க சூப்பர்வைசர் உக்காந்து நான் பாத்ததே இல்ல, லாரி வாசல்ல நிக்கும், பீஸ் இன்னும் பேக்கிங் போயிருக்காது, மனுஷன் அங்கயும் இங்கயும் ஓடுவாரு, சாப்பாட்டு டப்பாவத் தொறக்கக்கூட மாட்டாரு. அவசரம்னா யாரா இருந்தாலும் எந்திரிச்சு ஓடறதுதான். வெள்ளத்து மேலயே ஒருத்தர் உக்காந்திருக்காருன்னா அவருக்கு அது அவசரம் இல்லீன்னு அர்த்தம். மாற்கு 4ம் அதிகாரத்துலயும் இதேதான், படகுல தண்ணி ஏறுது, இயேசு பின்னாடி தலையணை வெச்சுத் தூங்கறாரு, எழுப்புனதும் கடலப் பாத்து "இரையாதே, அமைதலாயிரு"ங்கறாரு. இந்த எடத்துல ரெண்டு மூணு நிமிஷம் சும்மா இருங்க. "நீங்க உக்காந்திருக்கீங்க ராஜாவே, நானும் உக்கார்றேன்"னு நான் சொல்லுவேன், உங்களுக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லுங்க.

இதுல ஒரு சங்கடம் இருக்கறவங்களும் உண்டு, அத மறைக்கக் கூடாது. ராஜா, எசமான், ஆண்டவர்னு சொன்னாலே சில பேருக்கு உள்ள வலிக்கும். எங்க அம்மாயி சின்ன வயசுல தோட்டத்துல பண்ணையத்துக்குப் போனவங்க, பண்ணாடி முன்னாடி நிமிந்து நிக்கக் கூடாது, கூலி குறைஞ்சாலும் கேக்கக் கூடாது. மேல ஒருத்தர் இருக்காருன்னா அந்த மாதிரிதான் இருப்பாருன்னு மனசு பழகியிருக்கும். அவங்க ஞானஸ்நானம் எடுத்ததுக்கப்புறம் சொல்லுவாங்க, "பண்ணாடி கணக்கு எழுதறவரு கண்ணு, இந்த ராசா கணக்கக் கிழிச்சவரு"ன்னு. நமக்கு எதிரா இருந்த கடன் சீட்ட இயேசு சிலுவைல ஆணியடிச்சுட்டாருன்னு வர்ற கொலோசெயர் 2:14 வசனத்த யாரோ படிச்சுக் காட்டுனத அவங்க அப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க. உங்களுக்கும் அந்த வலி இருந்தா 29ம் சங்கீதத்துக்கு முன்னாடி யோவான் 13 படிங்க, இந்த ராஜா இடுப்புல துணியக் கட்டிக்கிட்டு காலக் கழுவறாரு. யோவான் 19ம் படிங்க, முள்ளு கிரீடம், தலைக்கு மேல மூணு மொழில "யூதருடைய ராஜா"ன்னு பலகை. எங்க லைன்ல இருக்கற ஆர்.சி. குடும்பம் நவம்பர் கடைசி வாக்குல கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்குப் போவாங்க, அந்த விழாவ 1925ல பதினோராம் பத்திநாதர் (பயஸ்) போப் ஏற்படுத்துனது, முதல் உலகப் போர் முடிஞ்சு பெரிய பெரிய ராஜ்யமெல்லாம் சரிஞ்சு கெடந்த நேரம். யாரு கீழயோ நசுங்கிக் கெடந்தவங்களுக்கு, இவரு ராஜாங்கறது நல்ல செய்தி. அத நிதானமா மனசுல இறக்குங்க, அவசரப்படாதீங்க, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல.

அடுத்தது அவரு உண்டாக்குனத பாக்கறது. வானம் தெரியற எடத்துல உக்காரச் சொன்னது இதுக்குத்தான். "உலகத்தப் படைச்சீங்க, நட்சத்திரத்தப் படைச்சீங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொன்னா மனசு ஒட்டாது. ஒரே ஒரு பொருள எடுங்க. நான் வழில பூத்துக் கெடக்கற ஆவாரம்பூவ ஒண்ணு பறிச்சுட்டு வந்து வெச்சுக்குவேன். அத எப்படிப் பாக்கறதுன்னா, நாங்க பீஸ் பாக்கற மாதிரி. டேபிள்ல டியூப்லைட் வெளிச்சத்துல பனியன விரிச்சு, முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் திருப்பி, தோள் ஜாயின்ட்டு, கழுத்து, ஓரத் தையல், ஓட்டை இருக்கா, ஆயில் கறை இருக்கா, பிசிறு நிக்குதான்னு விரல ஓட்டி ஓட்டிப் பாப்போம். அதே கண்ணால ஆவாரம்பூவ பாருங்க. அஞ்சு இதழ், மஞ்ச, இதழ்ல நரம்பு மாதிரி மெல்லிசா கோடு ஓடும், நடுவுல காம்பு காம்பா நிக்கும், எல்லாம் ஒரே அளவா இருக்காது, வெவ்வேற அளவுல வளைஞ்சு நிக்கும். இத்தன வருஷமா தப்பு கண்டுபிடிச்சே பழகுன கண்ணு இது, அந்தப் பூவுல தள்ளறதுக்கு ஒண்ணும் கிடைக்கல.

இயேசு சொன்னது திருப்பூர்க்காரங்களுக்கே சொன்ன மாதிரி இருக்கும், காட்டுப் பூவ கவனிச்சுப் பாருங்க, "அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை", ஆனா சாலொமோன் ராஜாகூட இதுல ஒண்ணு மாதிரி உடுத்துனதில்லைன்னு. நூல் மில்லு, நிட்டிங், சாயம், தையல்னு ஊரே துணிலதான் பொழைக்குது, ஒரு பனியன் ஆகறதுக்கு எத்தன கை மாறுதுன்னு நமக்குத் தெரியும். ரோட்டோரத்துல தூசி படிஞ்சு நிக்கற செடிக்கு அவரே உடுத்தி விடறாரு. இந்த எடத்துல ஸ்தோத்திரம் தானா வரும், வந்தா சொல்லுங்க, வரலீன்னா பூவ இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க.

இப்பத்தான் சுமைய எறக்கறது. மொத்தமா "என் கஷ்டமெல்லாம் தீரணும்"னு சொல்லாதீங்க. ஒண்ணொண்ணா, பேரோட, தொகையோட சொல்லுங்க. சீட்டுக்கு இத்தன ரூவா, வாடகை இத்தாந்தேதி, பையன் பிளஸ் டூ, மாமியாருக்கு மூட்டு வலி. பிலிப்பியர் 4:6லயும் விண்ணப்பங்கள தெரியப்படுத்துங்கன்னுதான் இருக்கு, அவருக்குத் தெரியாதுன்னு இல்ல, சொல்றப்ப நமக்கே எது பெரிசு எது சின்னதுன்னு தெரியும். ஒவ்வொண்ணும் சொல்லி முடிச்சதும் கைய விரிச்சு கீழ வைங்க. அந்தக் காலத்துல ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு இருக்குமே, தலைச்சுமைய அது மேல எறக்கிட்டு நிமிந்து ஒரு மூச்சு விடுவாங்க, அந்த மாதிரி. பிலிப்பியர்ல அதுக்கு அடுத்த வசனத்துல தேவசமாதானம் உங்க இருதயத்தக் "காத்துக்கொள்ளும்"னு வருதுல்ல, கிரேக்கத்துல அது போர்வீரங்க கோட்டைய காவல் காக்கறதுக்குச் சொல்ற வார்த்தை. பவுல் அத எழுதுனது காவல்ல இருந்தப்ப.

அப்புறம் பதினோராவது வசனம். "கர்த்தர் தமது ஜனத்திற்குப் பெலன் கொடுப்பார்; கர்த்தர் தமது ஜனத்திற்குச் சமாதானம் அருளி, அவர்களை ஆசீர்வதிப்பார்." முதல்ல பெலன், அப்புறம்தான் சமாதானம், கவனிச்சீங்களா. இதச் சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாம இருங்க. சீட்டுப் பணம் திரும்ப வரும், வரட்டும், அத வெரட்டறதுக்குச் சண்டை போடாதீங்க, அந்த வசனத்தையே திரும்ப ஒரு தடவ சொல்லுங்க. பத்து தடவ வந்தா பத்து தடவ.

சில நாள் ஒண்ணுமே தோணாது. எனக்கு அப்படி நிறைய நாள் போயிருக்கு. அன்னிக்கு ஜெபம் வீணாப் போச்சுன்னு நினைக்காதீங்க, நமக்குத் தோணுச்சோ இல்லியோ, அவரு உக்காந்த எடத்துலதான் இருக்காரு.

இன்னொண்ணும் சொல்லணும், சமாதானம்னா எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுப் போறது இல்ல. நான் முன்ன வேலை பாத்த ஒரு எடத்துல ரெண்டு வாரச் சம்பளத்தக் குடுக்காம இழுத்தடிச்சாங்க, சனிக்கெழம வரும் போகும், கையில காசு இருக்காது. வெடியால ஜெபிச்சேன், பொழுதோட போயி கேட்டேன், அடுத்த நாளும் போயி கேட்டேன். புடிச்சு வெச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு யாக்கோபு 5:4ல எழுதியிருக்கு, அப்ப நாம கேக்கறது பாவமில்ல. அன்னிக்கு ஆபீஸ் ரூம்ல நின்னு பேசறப்ப குரல் நடுங்கல, அழுகை வரல, அந்த பெலன் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதே மாதிரி வாரக்கணக்குல தூக்கமே வரல, படபடப்பு நிக்கல, சாப்பாடு எறங்கலன்னா ஜெபத்தையும் விடாதீங்க, டாக்டரையும் பாத்திருங்க. டாக்டர்கிட்டப் போறது விசுவாசக் குறைவு இல்லீங்க.

அரை மணி நேரமும் இல்ல, கொழந்தை அழுவுது, கம்பெனி பஸ் வந்துரும்னா பத்தாவது, பதினோராவது வசனம் ரெண்ட மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி சாப்பாட்டு டப்பா மூடிக்குள்ள ஒட்டி வெச்சிருங்க, மத்தியானம் தொறக்கறப்ப கண்ணுல படும். அந்தப் பொண்ணுக்கு நான் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன், சாம்பார் பட்டா அழிஞ்சு போயிரும்னு மேல செல்லோ டேப் ஒட்டிக் குடுத்தேன்.