பிரேக் பேட் வாங்கக் கடைக்குப் போகுமுன் சில்லைக் கழற்றிப் பாருங்கள்

மட்டக்களப்பில் பலர் பிரேக் பேட் வாங்கும் விதம் இதுதான்: கடையில் காரின் பெயரைச் சொல்லுவார்கள், விலை கேட்பார்கள், மலிவானதை எடுத்து வருவார்கள். உயிரோடு விளையாடும் வேலை இது. எந்த பேட் வேண்டும் என்பதை உங்கள் காரையும் நீங்கள் ஓடும் வீதியையும் வைத்து வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம்.

1. தேய்மானம் பாருங்கள்

சமதரையில் நிறுத்தி, சில்லின் இடைவெளியால் டோர்ச் அடியுங்கள். சில்லோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை அழுத்திப் பிடித்து நிறுத்த இரு பக்கமும் ஒவ்வொரு பேட் இருக்கும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, அதில் ஒட்டியுள்ள லைனிங்கை மட்டும் கணக்கில் எடுங்கள். புதிதில் சுமார் 10 மில்லிமீற்றர் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும்.

உள்பக்க பேட் சரியாகத் தெரியாது. சில்லைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். வெளி பேட் பாதிக்கு மேல் இருக்க உள் பேட் இரும்புவரை தேய்ந்திருந்தால், பெரும்பாலும் பேட்டை அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகர உதவும் இரும்புக் கம்பி, அதாவது கலிப்பர் பின், இறுகியிருக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரத்தில் நிற்கும் கார்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே காட்டிவிடும். பின்னைத் துப்புரவாக்கி, பிரேக்குக்கென்று விற்கும் கிறீஸ் பூசாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படியே ஒரு பக்கம் தேயும்.

2. செசி நம்பரும் பழைய பேட்டும்

ஆல்ட்டோ, வேகன் ஆர் இரண்டும் இங்கே ஜப்பானிலிருந்தும் வந்தன, இந்தியாவிலிருந்தும் வந்தன. பெயர் ஒன்று, வண்டி வேறு. செசி நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் பழையதையும் புதியதையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்தால் நீளம், உயரம், இரு பக்கக் காதுகள் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும் சின்னத் தகடு பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். "கொஞ்சம் கிரைண்டர் பிடிச்சா ஏறிரும் தம்பி" என்று யாராவது சொன்னால், வாங்காமல் வந்துவிடுங்கள்.

3. உங்கள் ஓட்டத்துக்கு எது?

லைனிங் செய்த பொருளை வைத்து பேட் மூன்று வகை. ஓர்கானிக் பேட் மென்மையானது, சத்தம் குறைவு, விலையும் குறைவு; ஆனால் கெதியில் தேயும், கடும் சூட்டில் பிடி தளரும். செமி மெற்றாலிக் சூட்டை நன்றாகத் தாங்கும். சத்தமும் கறுப்புத் தூசும் அதிகம், டிஸ்க்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். செராமிக் சத்தமில்லாமல் நீண்ட நாள் உழைக்கும், விலைதான் கூட.

நம் கரையோரம் தட்டை நிலம். பட்டணத்துக்குள்ளும் களுவாஞ்சிக்குடிப் பக்கமும் ஓடுகிற சின்னக் காருக்கு நல்ல ஓர்கானிக் அல்லது செராமிக் தாராளம். செங்கலடியால் ஏறி மகாஓயா, பிபிலை, லுணுகலை தாண்டிப் பதுளைக்கு அடிக்கடி ஆள் ஏற்றிப் போகும் வானுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. இறக்கத்தில் பேட் கொதித்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். அவர்களுக்கு என் தெரிவு செமி மெற்றாலிக். அதைப் போட்டாலும் இறக்கத்தில் சிறிய கியரில்தான் இறங்க வேண்டும்.

பேட்டின் விளிம்பில் அல்லது முதுகில் அச்சிட்ட வரியின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண வெப்பத்தில் உள்ள பிடியையும் இரண்டாவது சூடேறிய பிடியையும் குறிக்கும். ஈ என்றால் உராய்வுக் குணகம் (பிடியின் அளவு) 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. கொம்பனி போட்டுத்தந்த பேட்டில் இருந்த எழுத்துகளை ஒட்டியே வாங்குங்கள். இரண்டாவது எழுத்து இறங்கியிருந்தால் மலைப்பாதைக்கு எடுக்க வேண்டாம்.

4. வாங்கும்போது

பெட்டியில் உள்ள பாக இலக்கமும் பேட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். லைனிங்கில் வெடிப்போ, தகட்டோடு ஒட்டிய இடத்தில் இடைவெளியோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். முதுகுத் தகட்டில் பெயின்ட் சீராகப் பிடித்திருப்பது கடலோரக் காருக்கு முக்கியம். துரு ஏறினால் லைனிங் கழன்று வரும். ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றக்கூடாது, இடது வலது இரண்டு சில்லுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

5. போட்ட பிறகு

காரை அசைக்குமுன் பெடல் இறுகும்வரை பல தடவை மிதியுங்கள். பிறகு ஆளரவம் இல்லாத நேரத்தில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து மெதுவாகப் பத்துக்கு இறக்குவதைச் சில தடவை, இடையில் ஆறவிட்டுச் செய்யுங்கள். முதல் 200, 300 கிலோமீற்றருக்கு அவசரமில்லாமல் திடீர் பிரேக் பிடிக்க வேண்டாம். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் என்றால் கழற்றும் வேலையை வீட்டில் தொடாதீர்கள். அவற்றின் பிரேக் கணினியோடு இணைந்தது, கதவைத் திறந்தாலே அழுத்தம் ஏறக்கூடும். அதற்கான ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் விடுங்கள்.