புலம்பெயர்ந்த முஸ்லிம் பெண்களுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹலால் சாப்பாடு, தொழுகைக்கு இடம், பெண் மருத்துவர், நோன்பு திறக்கும் நேரத்தில் சந்திப்பு வைக்காமல் இருப்பது. இவையெல்லாம் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கே தெரிந்திருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன். நல்ல மனதோடு வருகிறவர்கள் மறுபடி மறுபடி செய்கிற, நாங்களும் ஒரு காலத்தில் செய்த தவறுகள் வேறு.

கூட வந்தவரையே மொழிபெயர்க்கச் சொல்வது

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கையில் கட்டோடு ஒரு பெண் வந்தார். துணைக்கு நாத்தனார், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர். எப்படி அடிபட்டது என்று ஊழியர் கேட்டார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசினார். நாத்தனார் சொன்னது ஒரே வரி: "படியில் வழுக்கிவிட்டாராம்." அவ்வளவு பேச்சு எப்படி இவ்வளவு சுருங்கியது என்று ஊழியருக்குக் கேட்கத் தோன்றவில்லை. "வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்.

பின்னாளில் அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியேறி, வன்முறையைக் காரணம் காட்டிக் குடியுரிமைத் துறையில் தனியாக விண்ணப்பித்தார். ஆதாரம் கேட்டார்கள். அடிபட்ட நாளைப் பற்றி இருந்த ஒரே பதிவு அந்த வரிதான். அவர் சொல்லாத ஒன்று, அவர் சொன்னதாக, அவருக்கு எதிராகவே நின்றது. அதைச் சரிக்கட்ட வழக்கறிஞர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வேறு மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருந்து ஒரு மணி நேரம் வீணானால் ஈடுகட்டலாம். கோப்பில் ஏறிய வரியை அழிக்க முடியாது.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது இதைவிட மோசம். அம்மா அடிவாங்கியதை அந்தக் குழந்தையே தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2016-இலேயே விதி வந்தது. ஆனாலும் நடக்கிறது.

சரி, என்ன செய்வது? "முதல் பத்து நிமிடம் எல்லாரையும் தனியாகத்தான் பார்ப்போம், இங்கே அப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்லுங்கள். கூட வந்தவரைச் சந்தேகிப்பதாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் அதன் விலையை வீட்டில் கொடுப்பது அந்தப் பெண்தான். மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்கட்டும். வேறு நகரத்திலிருந்து, தொலைபேசியில், உதவி கேட்டு வந்த பெண்ணின் பெயரைச் சொல்லாமல். "அதே பள்ளிவாசலுக்கு வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷி" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த கல்யாண வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்குமே, அந்த நினைப்பு ஒன்றே வாயை அடைக்கப் போதும்.

அப்புறம், எந்த நாடு என்று பார்த்து மொழியை முடிவு செய்யாதீர்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். சிரியாவிலிருந்து வந்தவர் குர்து மொழி பேசலாம். ஆப்கானியப் பெண் தாரி பேசுபவரா, பஷ்தூ பேசுபவரா என்று கேட்காமல் தெரியாது. வங்கதேசத்தின் சில்ஹெட்டைச் சேர்ந்தவருக்கு டாக்கா வங்காளம் பாதிதான் எட்டும். இலங்கை முஸ்லிம் பெண்ணுக்கு உருது மொழிபெயர்ப்பாளரை வரவழைத்த அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தாய்மொழி தமிழ்!

ஹிஜாப் பற்றிக் கேட்பது

அவர் அதற்காக வரவில்லை. கேட்காதீர்கள்.

விசாவைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வது

"கணவரை விட்டால் விசா போய்விடும்" என்பது பெரும்பாலும் கணவர் சொல்லி வைத்த பயம். அதையே நாமும் சொன்னால் அவர் திரும்பி அந்த வீட்டுக்கே போய்விடுவார். அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி, வன்முறைக்கு ஆளானால், கணவரின் தயவில்லாமல் தாமே விண்ணப்பிக்க 1994 சட்டம் வழி செய்தது. கணவர் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தால் அந்த வழி பொருந்தாது. வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். கனடாவில் கணவர் ஸ்பான்சர் செய்து, அதாவது பொறுப்பேற்று அழைத்த பெண்களில் பலர் இரண்டு ஆண்டு கணவரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று 2012-இல் கொண்டுவந்த நிபந்தனையை 2017-இல் நீக்கிவிட்டார்கள். பழைய பயம் மட்டும் இன்னும் சுற்றுகிறது. இது குடிவரவு வழக்கறிஞரின் வேலை. அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

நிக்காஹ், தலாக் பற்றி அரைகுறையாகப் பேசுவது

இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் அங்கேயே வீட்டிலோ மண்டபத்திலோ நடந்த நிக்காஹ் சட்டப்படி திருமணமே ஆகாது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் விவாகரத்தில் கிடைக்கும் சொத்துப் பங்கை அந்தப் பெண் கேட்க முடியாமல் போகலாம். ஆனால் தன் மனதளவில் அவர் முழு மனைவி. மறுபக்கம், நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்தாலும் தலாக்கோ, மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலாவோ ஆகவில்லை என்றால் பலர் தங்களை இன்னும் திருமணமானவராகவே கருதுகிறார்கள். "கேஸ் முடிந்தது" என்று நாம் கையைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் அவருக்குப் பாதிதான் முடிந்திருக்கும். மஹர், அதாவது கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை, பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது அவருடைய உரிமை.

இமாமிடம் நாமே போவது

அந்தப் பெண் கேட்டால் மட்டும். அவர் சொல்லும் இமாமிடம் மட்டும்.

வீட்டு எண்ணுக்கு அழைப்பது

எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், இந்த மூன்றையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் அமைப்பின் பெயர் வேண்டாம். துண்டறிக்கையைப் பையில் திணித்து அனுப்ப வேண்டாம். பையைச் சோதிக்கிற வீடுகள் உண்டு. நம் எண்ணை அவர் மனப்பாடம் செய்யும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள்.