முருகன் கதைகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

"கந்தபுராணத்தில் ஞானப்பழம் எந்தப் படலத்தில் வருகிறது?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கச்சியப்ப சிவாசாரியார் பாடியது 10,345 பாடல்கள் என்பார்கள். அதில் அந்தப் பழம் இல்லை. அது பழனியின் கதை. தலத்தோடு வளர்ந்து, மேடையிலும் திரையிலும் ஏறி நம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வடமொழிச் சிவபுராணத்திலும் உலகைச் சுற்றும் போட்டி உண்டு. அங்கே பரிசு கல்யாணம்: முந்தி வருகிறவருக்கு முதல் மணம். பிள்ளையார் சித்தி, புத்தியை மணக்கிறார். முருகன் கோபித்துக்கொண்டு கிரவுஞ்ச மலைக்குப் போகிறார்.

நாம் செய்யும் முதல் தவறு இங்கேதான். கேள்விப்பட்டதையெல்லாம் 'புராணத்தில் இருக்கிறது' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பிறகு யாராவது நூலைப் புரட்டி 'இல்லையே' என்றால், 'அப்படியானால் பொய்யா?' என்று மறுகோடிக்கு ஓடுகிறோம். ஒரு கோயிலின் கதையைச் சொல்லும் தலபுராணத்துக்கென்று ஒரு வேலை உண்டு. பழனி மலையில் ஆண்டிக்கோலத்தில் நிற்கிறவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று ஏறி வருகிறவர் கேட்பார். அவருக்கான பதில் அந்தக் கதை. அதைக் கந்தபுராணத்தை வைத்து அளந்து தள்ளுவது முறையல்ல.

அடுத்த தவறு, வேறுபாடுகளை அட்டவணை போட்டுவிட்டு ஒப்பீடு முடிந்தது என்று எழுந்துவிடுவது. நானும் ஒரு காலத்தில் பிறப்புக் கதைகளை அப்படித்தான் வரிசைப்படுத்தினேன். 'தாய் யார்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பெயர். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறு பெண்களை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பப் படித்தபோதுதான் கண் திறந்தது.

மகாபாரதத்தின் வனபருவத்தில் அக்கினியை விரும்பும் சுவாகா, முனிவர் மனைவியர் அறுவரின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். அருந்ததியின் உருவம் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. பழி அந்த அறுவர் மேல் விழுகிறது, கணவர்கள் கைவிடுகிறார்கள். சங்க நூலான பரிபாடலின் ஐந்தாம் பாடலில், சிதைந்த கருவை வேள்வித் தீயில் இட்டு, அந்த அவியை அறுவர் உண்கிறார்கள். இங்கும் அருந்ததி (பாட்டில் 'சாலினி') விலகி நிற்கிறாள்: "கடவுள் ஒரு மீன் சாலினி ஒழிய". ஆனால் அதைப் பாடிய கடுவன் இளவெயினனார் அந்தப் பெண்கள் மேல் பழி ஒட்டவிடவில்லை. நிறை (கற்பு) வழுவாமலே சூல் கொண்டார்கள் என்று அழுத்திச் சொல்கிறார். கந்தபுராணத்துக்கு வந்தால் கருவே கிடையாது. நெற்றிக்கண் பொறிகள் சரவணத்தில் குழந்தைகளாகின்றன. கார்த்திகைப் பெண்கள் பாலூட்டுவதோடு சரி. "ஒருதிரு முருகன் வந்தாங்கு உதித்தனன் உலகம் உய்ய" என்கிறார் கச்சியப்பர். 'பிறந்தனன்' என்று அவர் எழுதவில்லை. சிவனும் முருகனும் வேறல்லர் என்று நம்பும் சைவருக்கு, கருவில் கிடந்து பிறக்கும் முருகன் ஒத்துவராது. 'தாய் யார்' என்ற என் கட்டம் இந்தக் கவலைகள் எதையும் காட்டவில்லை. ஒரு கதை எங்கே மாறுகிறதோ, அங்கே சொன்னவரின் மனம் தெரிகிறது.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றே என்று எண்ணுவதும் அடிக்கடி நடக்கிறது. காளிதாசனின் குமாரசம்பவத்தில் தேவரை வருத்தும் பெரும் பகைவன் தாரகன். கந்தபுராணத்திலோ அவன் சூரபன்மனின் தம்பி, யானைமுகன், போரில் முதலில் விழுகிறவன். திருமுருகாற்றுப்படையின் 'சூர்' இன்னொரு சிக்கல். கடலுக்குள் நுழைந்து சூரைத் தடிந்ததும், மாமரத்தை வெட்டியதும் அதில் உண்டு. ஆனால் கந்தபுராணத்தில் வரும் சூரனின் தம்பி சிங்கமுகன், தங்கை அசமுகி, தலைநகர் மகேந்திரபுரி எல்லாவற்றையும் அந்த வரிகளுக்குள் ஏற்றிப் படித்தால், அதைப் பாடிய நக்கீரர் சொன்னது நம் காதில் விழாது. அங்கே சூர், அஞ்சத்தக்க ஓர் அணங்கு. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை மாறி மாறி வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை ஒதுக்கிவைப்பது கடினம். படிக்கும் நேரத்துக்காவது ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

வள்ளிக்கும் இதே கதி நேர்கிறது. நற்றிணை 82இல் "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" என்று ஒரே ஓர் உவமை வருகிறது. மான் வயிற்றில் பிறந்தது, முற்பிறப்பில் திருமாலின் மகள் சுந்தரவல்லியாக இருந்தது எல்லாம் கந்தபுராணம் விரித்தவை. நற்றிணைப் பாட்டைப் பாடிய அம்மூவனார் அதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல நமக்கு ஆதாரம் கிடையாது.

ஒரு நூல் சொல்லாததை வைத்து வாதம் செய்யும்போதும் நிதானம் வேண்டும். குமாரசம்பவத்தில் காளிதாசன் பாடியதாகப் பெரும்பாலோர் ஒப்பும் எட்டுச் சருக்கங்களில் குமரன் பிறக்கவே இல்லை. அங்கே வள்ளியைத் தேடி என்ன பயன்?

'வடக்கே பிரம்மச்சாரி, தெற்கே இரு தேவியர்' என்ற வாசகத்தையும் பலர் ஒப்பிக்கிறார்கள். வனபருவத்திலேயே தேவசேனையின் திருமணம் இருக்கிறது. எது ஆரியம், எது தமிழ் என்று கோடு கிழிக்கிறவர்கள் பரிபாடலின் ஒன்பதாம் பாடலைப் பார்க்க வேண்டும். இந்திரன் மகளான தேவசேனையும் குறமகளான வள்ளியும் திருப்பரங்குன்றத்தில் மோதுகிறார்கள். அவர்களின் தோழியர் சண்டை, மயில்களின் சண்டை எல்லாம் அந்தத் தமிழ்ப் பாட்டில் நடக்கின்றன. இரண்டு மரபும் ஏற்கெனவே ஒரே மலையில் குடியிருக்கின்றன.

கடைசியாக, ஏட்டில் இருப்பதை மட்டுமே கதை என்று எண்ணிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் படிக்க, இன்னொருவர் 'பயன்', அதாவது பொருள், சொல்வார். அந்தப் பயனில் ஊரின் குரலும் கலந்திருக்கும். இலங்கையின் கதிர்காமத்தில் வள்ளி வேடர் குலப் பெண். ஆடித் திருவிழா நாட்களில் கந்தனின் யந்திரத் தகட்டை வைத்த பேழை யானை மேல் ஏறி இரவில் வள்ளியம்மன் கோயிலுக்குப் போகிறது. எந்தப் படலத்தையும் யாரும் வாசிப்பதற்கு முன்னரே, அவளைத் தேடி அவர் போவதைத் தெருவில் நிற்கும் கூட்டம் பார்த்துவிடுகிறது.