தீம் பார்க்கில் பிரெஞ்சு விருந்து: குமரி அடுப்படியிலிருந்து தொடங்கும் செய்முறை

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகிற நம்ம ஊர்க் குடும்பங்கள், ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டையும் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன. எல்லா ராட்டினத்திலும் துணிந்து ஏறுகிறவர்கள், சாப்பாட்டு நேரம் வந்ததும் பீட்சாவுக்கும் பொரித்த உருளைக்கிழங்குக்கும் ஒதுங்கிவிடுகிறார்கள். அதே பார்க்குக்குள், போல் போக்கூஸ் போன்ற பெரிய பிரெஞ்சுச் சமையல்காரர்கள் தொடங்கி வைத்த உணவகம் இருக்கிறது. அதன் வாசல் வரை போய்விட்டு உள்ளே நுழையாமல் வந்தோம் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கடலும் மலையும் அடுத்தடுத்து இருக்கிற மாவட்டம் நம்முடையது. சிப்பி, நண்டு, கணவாய், தாரா (வாத்து), கிராம்பு, ஜாதிக்காய் என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் பல பொருட்கள் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அவற்றைச் சமைக்கிற விதமும் சாப்பிடுகிற விதமும்தான் புதிது. அதனால் நான் சொல்கிற முறை இது: புதுச் சாப்பாட்டின் முதல் வாயை அங்கே போய் வைக்க வேண்டாம். புறப்படும் முன்பே வீட்டில் வைத்துவிடுங்கள்.

முதல் படி: யார் எதைத் தொடமாட்டார்கள்?

எல்லோரையும் உட்காரவைத்து இதை முதலில் பேசி முடியுங்கள். நம்ம ஊரில் ஒரே தெருவில் மூன்று விதமான சாப்பாட்டுப் பழக்கம் இருக்கும். ஒரே குடும்பத்திலும் இருக்கும். பிரெஞ்சுச் சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வெங்காய சூப் என்று பெயர் இருக்கும், அதன் சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கும். காய்கறிப் பதார்த்தத்திலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கலாம். சில இனிப்புகளில் ஜெலட்டின் உண்டு. பல பாலாடைக்கட்டிகளைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள்.

மது தொடாத குடும்பமென்றால் சாஸ்களைக் கவனியுங்கள். சமைக்கும்போது ஒயினின் சாராயம் முழுக்க ஆவியாகிப் போய்விடும் என்பார்கள். முழுக்கப் போவதில்லை, கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இறால், நண்டு ஒவ்வாதவர்களும், வீட்டுத் தூசி ஒவ்வாதவர்களும் நத்தையைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். தூசியில் வாழும் நுண்பூச்சி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு நத்தையும் ஒத்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் ஆங்கிலத்தில் நான்கு வரியாக எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவரிடம் அப்படியே காட்டிவிடலாம்.

இரண்டாம் படி: வீட்டில் ஒத்திகை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். நத்தைக்குப் பதில் சிப்பியில் தொடங்குங்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊர்கிற ஆப்பிரிக்க நத்தையைப் பிடித்துச் சமைத்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்ற வேண்டாம். மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். பிரெஞ்சு நத்தை வேறு இனம், அதைச் சுத்தம் செய்கிற முறையும் வேறு.

குளச்சல், கடியபட்டணம், இனயம் பக்கத்துப் பாறைகளில் முங்கி எடுத்துவரும் சிப்பி கிடைக்கிற நாளில் ஒரு கிலோ வாங்குங்கள். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஓரத்தில் தொங்கும் நாரைப் பிடுங்கிவிடுங்கள். வாய் திறந்து கிடப்பதை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிரோடு இருக்கிறது, மூடாததைத் தூக்கிப் போடுங்கள். அடிகனமான பாத்திரத்தில் 50 கிராம் உப்பில்லாத வெண்ணெயை உருக்கி, பத்துச் சின்ன உள்ளியையும் (சின்ன வெங்காயம்) நான்கு பல் பூண்டையும் பொடியாக நறுக்கிப் போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். அரை டம்ளர் தண்ணீர், அரை மூடி எலுமிச்சைச் சாறு, இடித்த நல்லமிளகு சேர்த்துக் கொதி வந்ததும் சிப்பியைக் கொட்டி மூடி, பெரிய தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். இடையில் ஒரு தடவை பாத்திரத்தைக் குலுக்கினால் போதும். ஓடு விரிந்ததும் கொத்துமல்லியைத் தூவி இறக்குங்கள். வெந்த பிறகும் திறக்காதது இருந்தால் அதைச் சாப்பிடக் கூடாது.

தேங்காயும் மிளகாய்த்தூளும் போடக் கை துறுதுறுக்கும். இந்த ஒரு தடவை போடாதீர்கள். வெண்ணெயும் பூண்டும் பச்சை இலையும் சேர்ந்த இந்த ருசிதான் அங்கே நத்தையிலும் வரும். அங்கே கொத்துமல்லி இருக்கிற இடத்தில் பார்ஸ்லி இருக்கும், அவ்வளவே. நாக்குக்கு இது பழகிவிட்டால் நத்தையின் மேல் பாதிப் பயம் போய்விடும்.

பிரான்சில் சிப்பி சாப்பிட முள்கரண்டியைப் பெரும்பாலும் தேடுவதில்லை. முதல் சிப்பியின் சதையை எடுத்ததும், ஒட்டிக்கொண்டிருக்கும் காலி ஓட்டை இரண்டு விரலால் பிடித்து, அதையே இடுக்கியாக வைத்து அடுத்த சிப்பியின் சதையைக் கவ்வி இழுப்பார்கள். எங்கள் வீட்டில் இதை முதலில் பிடித்துக்கொண்டவள் இளையவள். "பாட்டா, அப்படியில்ல, வாயை அமுக்கிப் பிடிச்சு இழுங்க" என்று என் அப்பாவுக்கே சொல்லிக் கொடுத்தாள். அவரும் கடைசி ஓடு வரைக்கும் அப்படியே சாப்பிட்டார். அடியில் மிஞ்சும் சாற்றை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுங்கள். அதுவும் ஒத்திகைதான்.

கத்தி, முள்கரண்டி பழக அவித்த மரச்சீனிக் கிழங்கு நல்ல பொருள். இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி. வெட்டியதை இடது கையாலேயே வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், யாரையும் கேலி செய்ய விடாதீர்கள்.

பாலாடைக்கட்டியும் கொஞ்சம் பழக வேண்டும். ப்ரீ போன்ற மிதமான வகையில் தொடங்கி, கடைசியில் நீலப்பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர் வகைக்கு வாருங்கள். மூக்கில் ஏறுகிற அந்த வாடை முதலில் திடுக்கிட வைக்கும், ஆனால் கருவாட்டு வாடையைக் கேட்டதும் பசி எடுக்கிற ஊர்க்காரர்களுக்கு அது தாண்ட முடியாத மதில் அல்ல. ஒரு பேரிக்காய்த் துண்டோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

காரமில்லாத சாப்பாடு எப்படி இறங்கும் என்று கேட்கிற பெரியவர்களுக்கு நம்ம ஊரில் கிராம்பு விளையும் மாறாமலையைச் சொல்லுங்கள். கன்னியாகுமரி கிராம்பு புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பிரெஞ்சு அடுப்படியில் எலும்புச் சாறு காய்ச்சும்போது முழு வெங்காயத்தில் கிராம்பைக் குத்திப் போடுவார்கள். பாலும் வெண்ணெயும் மாவும் சேர்த்துச் செய்யும் வெள்ளைச் சாஸில் ஜாதிக்காயைத் துருவுவார்கள். வாசனைக்கு அங்கேயும் பஞ்சமில்லை, காரம்தான் குறைவு.

மூன்றாம் படி: எந்த உணவகம், எப்போது பதிவு?

டிஸ்னி வேர்ல்டில் நான்கு பார்க்குகள். அவற்றில் 1982 அக்டோபர் 1 அன்று திறந்த எப்காட்டில், பல நாடுகளுக்குத் தனித்தனிப் பகுதி உண்டு. பிரான்ஸ் பகுதியில் கீழ்த்தளத்தில் ஷெஃப் த ஃபிரான்ஸ் இருக்கிறது. போல் போக்கூஸ், ரோஜர் வெர்ஷே, காஸ்தோன் லெனோத்ர் மூவரும் சேர்ந்து தொடங்கியது. மாடியில் 2012இல் திறந்த மொசியே போல், இன்னும் நுட்பமானது, விலையும் அதற்கேற்ற மாதிரி. அதன் பட்டியலில் போக்கூஸின் புகழ்பெற்ற டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) சூப் இடம்பெற்றிருந்தது. 1975இல் பிரெஞ்சு ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேங் அளித்த விருந்துக்காக அவர் உருவாக்கியது அது. கிண்ணத்தின் வாயை மெல்லிய மாவால் மூடிச் சூளையில் வைத்து, உப்பி எழுந்த மூடியோடு கொண்டுவருவார்கள். கரண்டியால் மூடியை உடைத்ததும் உள்ளே அடைபட்ட மணம் முகத்துக்கு வரும். மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

முதன்முறை போகிற குடும்பத்துக்குக் கீழ்த்தளமே சரி என்பது என் கருத்து. பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டாலும் தாங்கும் இடம். பல தட்டு வரிசைகளைப் பொறுமையாகச் சாப்பிடும் வயதுப் பிள்ளைகள் என்றால் மாடிக்குப் போங்கள்.

மேசையை 60 நாள் முன்பிருந்தே பதிவு செய்யலாம். அந்த நாள் அங்கே காலை 6 மணி வாக்கில் பதிவு திறக்கும். ஃபுளோரிடா நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், நமக்கு அது மாலை மூன்றரை அல்லது நாலரை. பார்க்கின் நுழைவுச்சீட்டு தனி. போகாவிட்டால் பணம் பிடிப்பார்கள், திட்டம் மாறினால் உரிய நேரத்துக்குள் ரத்து செய்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் சொந்தக்காரர் இருந்தால் டிஸ்னிலேண்ட் பாரிஸ் பக்கம். 1992இல் அதைத் திறந்தபோது பார்க்குக்குள் ஒயின் கிடையாது என்று வைத்திருந்தார்கள். சாப்பாட்டோடு ஒயின் இல்லாததைப் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கவில்லை, அடுத்த ஆண்டே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சாப்பாட்டை அவர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

நான்காம் படி: அந்த நாள்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, மாறி மாறிப் போய் இறங்கிய முதல் இரண்டு நாளில் இரவு விருந்து வேண்டாம். அங்கே இரவு 7 மணி என்றால் கோடையில் நம் உடம்புக்கு விடிகாலை நாலரை. பிள்ளைகள் தட்டிலேயே தூங்கிவிடும். மத்தியானத்துக்குப் பதிவு செய்தால் உடம்புக்கு இரவு ஒன்பதரை, பத்துதான் ஆகியிருக்கும். அன்று காலைப் பலகாரத்தை லேசாக முடித்து, பாப்கார்னைத் தள்ளி வையுங்கள். சுற்றித் தூக்கிப் போடும் ராட்டினங்களை விருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றில் ஏறவே கூடாது.

ஐந்தாம் படி: மேசையில்

பிரான்சில் ஆந்த்ரே என்றால் முதல் தட்டு. அமெரிக்காவில் அதே பெயர் முக்கியத் தட்டைக் குறிக்கும். பட்டியலைப் படிக்கும்போது இதில் குழம்பாதீர்கள். கரண்டிகள் வரிசையாக இருக்கும், வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வந்துகொண்டே இருங்கள்.

துணிச்சலான தட்டை முதல் தட்டாகச் சொல்லுங்கள், அதுவும் எல்லோருக்கும் நடுவில் ஒன்று. ஆறு நத்தை வந்தால் ஆளுக்கு ஒரு வாய். பிடிக்கவில்லை என்றால் யாரையும் வற்புறுத்த வேண்டாம், முக்கியத் தட்டு அவரவர்க்குத் தெரிந்ததாக இருக்கட்டும். அப்போது யாரும் பசியோடு எழமாட்டார்கள்.

நத்தை ஓடில்லாமல் குழித்தட்டில் வந்தால் முள்கரண்டியே போதும். ஓட்டோடு வந்தால் ஒரு சிறு இடுக்கியும் இரட்டை முள் கரண்டியும் தருவார்கள். அந்த இடுக்கி நம் அடுப்படி இடுக்கிக்கு நேர்மாறு: அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும். ஓட்டைக் கவ்வியதும் கையைத் தளர்த்திவிடுங்கள், பதற்றத்தில் அழுத்தினால் ஓடு துள்ளிப் பக்கத்து மேசைக்குப் போகும். முள்ளைச் சதையில் குத்தி லேசாகத் திருகினால் சுருளாக வெளியே வரும். ஓட்டில் நிற்கும் பச்சை வெண்ணெயை ரொட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். சதை கணவாயைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், வாடையென்று எதுவும் இருக்காது.

தவளைக்கால் பட்டியலில் இருந்தால் அங்கேயே ருசி பாருங்கள். இந்தியா 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்தியது, நம் வயல் தவளையைத் தொடக் கூடாது.

இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். ரத்தச் சிவப்பு ஆகாதவர்கள் ஸ்டேக்கையே விட்டுவிட்டு, தாராக் காலை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த கோன்ஃபியைக் கேளுங்கள். எலும்பிலிருந்து கழன்று வரும், நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு உடனே பிடிக்கும். தார்தார் என்றால் பச்சை இறைச்சி, தெரிந்து கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று காத்திருப்பார்கள். முட்டையின் வெள்ளையை நுரைக்க அடித்து உப்ப வைக்கும் சூஃப்ளே வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அது அடுப்பிலிருந்து நேராக வருவது. பிள்ளைகளுக்கு, பாலேடும் முட்டையும் சேர்ந்த க்ரெம் ப்ரூலே. மேலே கண்ணாடி போல இறுகிய சர்க்கரையைக் கரண்டியால் டொக்கென்று உடைப்பதற்காகவே கேட்பார்கள்.

பில்லில் 6.5 சதவீத வரி சேரும். அதற்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள், பார்த்துவிட்டுக் கொடுங்கள். பாரிஸில் அந்தக் கவலையில்லை, விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடும்.