கேரமாண்ட் எழுத்துரு: எங்கே சறுக்குகிறோம்?

டைம்ஸ் நியூ ரோமனில் 11 புள்ளி (பாயின்ட்) அளவில் கோத்த ஆங்கிலப் புத்தகத்தை அப்படியே கேரமாண்டுக்கு மாற்றிப் பாருங்கள். பக்கம் மெலிந்து, எழுத்து பொடியாகிவிடும். உடனே எழுத்துருவைக் குறை சொல்வார்கள். தவறு அளவில்தான். புள்ளிக் கணக்கு ஈய எழுத்துக் கட்டையின் உயரத்தைக் குறிப்பது. அதன்மேல் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது வேறு சங்கதி. கேரமாண்டில் சிற்றெழுத்தின் உடல் குட்டை, டி (d), ஹெச் (h) போன்றவற்றின் கொம்பு நீளம். ஆகவே 11-க்குப் பதில் 12 வையுங்கள். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 14 புள்ளி போதும். உடல் குட்டையாக இருப்பதால் வரிகளுக்கு நடுவே வெள்ளை ஏற்கெனவே நிறைய. 17, 18 என்று இழுத்தால் பத்தி சிதறிப்போகும்.

இந்தக் கணக்கும் எல்லா கேரமாண்டுக்கும் பொருந்தாது, ஏனென்றால் அந்தப் பெயரில் பல எழுத்துருக்கள் உண்டு. கிளாட் கேரமாண்ட் பாரிஸில் அச்சு வெட்டியவர், 1561-இல் இறந்தார். வேர்டோடு வரும் மோனோடைப் கேரமாண்டோ, பிற்காலத்து ழான் ழனோன் வெட்டிய எழுத்தைப் பின்பற்றியது. அந்த ஆள்மாறாட்டத்தை 1926-இல் வெளிப்படுத்தியவர் அச்செழுத்து ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்டு. ராபர்ட் ஸ்லிம்பாக் 1989-இல் வடித்த அடோபி கேரமாண்டும், இலவசமாகக் கிடைக்கும் ஈபி கேரமாண்டும் அசலுக்கு நெருக்கம். 1975-இன் ஐடிசி கேரமாண்டில் சிற்றெழுத்து பெரிது. அதற்கு 12 வைத்தால் பக்கம் கத்தும். அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்துருவைப் பிடிஎஃப்பில் பொதிந்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் வேறொரு கேரமாண்ட் புகுந்து வரிகளெல்லாம் இடம் மாறும்.

தலைப்பென்றால் போல்டு என்ற பழக்கம் இங்கே எடுபடாது. 16-ஆம் நூற்றாண்டில் ரோமன் எழுத்துக்குத் தடித்த துணை கிடையாது. இன்றுள்ளவை பின்னால் சேர்த்தவை. சாய்வெழுத்தோ, சிற்றெழுத்தின் உயரத்திலேயே வரும் பெரிய எழுத்தான ஸ்மால் கேப்ஸோ நன்றாக நிற்கும். ஆனால் வேர்டில் ஸ்மால் கேப்ஸ் பொத்தானை அழுத்தினால் பெரிய எழுத்தைச் சுருக்கித்தான் தரும். கோடு இளைத்துப் பக்கத்து எழுத்தைவிட வெளிறித் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், ஓபன்டைப் (எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் கூடுதல் வடிவங்கள்) வழியாக அசல் ஸ்மால் கேப்ஸை எடுத்து, எழுத்திடை 5 சதவீதம் கூட்டுங்கள்.

எஃப்பின் வளைவு அடுத்த ஐயின் புள்ளியில் முட்டும், அதனால் இரண்டையும் ஒரே வடிவாக இணைக்கும் லிகேச்சரை அணைக்காதீர்கள். ஏறியிறங்கும் பழைய பாணி எண்கள் பத்திக்குள் அழகு. கணக்கு அட்டவணையில் ஒரே உயர, ஒரே அகல எண்கள் தேவை.

அச்சில் இன்னொரு கோளாறு: கறுப்புப் பின்னணியில் 8 புள்ளி வெள்ளை எழுத்து. மை பரவி, ஆங்கில ‘e’ எழுத்தின் சின்னக் கண் அடைபட்டுவிடும். 11-க்குக் கீழே போகாதீர்கள், மீடியம் எடை (சற்றே தடித்த வடிவம்) இருந்தால் அதையே எடுங்கள். பத்தி எழுத்தை நான்கு வண்ணம் கலந்த கறுப்பில் விடுவதும் கூடாது. தகடு இம்மி நகர்ந்தாலும் மெல்லிய கோட்டோரம் வண்ணம் பிதுங்கும். கறுப்பு மை ஒன்றே, 100 சதவீதம்.

தமிழ்ப் பத்தியின் நடுவே கேரமாண்ட் வந்தால் புள்ளியைப் பார்த்து அளவு வைக்காமல், ‘ப’வின் உயரத்தோடு ஆங்கிலச் சிற்றெழுத்து எக்ஸின் (x) உயரத்தை ஒப்பிட்டு ஆங்கிலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் அச்சொட்டாகச் சமமாக வேண்டியதில்லை. சமமாக்கினால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் வரியில் துருத்திக்கொண்டு நிற்கும்.